பானெட்டுக்குள் ஓர் அடக்கம்

பழைய காரில் புது இன்ஜின் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் எடை. அடுத்து, இதை உள்ளே இறக்க எதையெல்லாம் வெட்டினார்கள் என்பது. இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் குதிரைகளை எண்ணிப் பயனில்லை.

இந்தக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: எம்.ஜி.பி. காருக்குள் ரோவரின் வி-8. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1962-ல் பிறந்து 1980 வரை வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. உள்ளே இருந்தது 1798 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின், 95 குதிரைத்திறன். நமக்கும் தெரிந்த குடும்பம்தான். அம்பாசிடரில் பல ஆண்டுகள் உழைத்த 1489 சிசி இன்ஜினும் இதே பி-சீரீஸ் வம்சம். வார்ப்பிரும்பு உடம்பு, எளிய அமைப்பு, எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டலாம். நல்ல இன்ஜின்தான்; ஆனால் அந்த அழகான உடம்புக்குக் கொஞ்சம் சோம்பல்.

எம்.ஜி. நிறுவனம் 1967-ல் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. மூன்று லிட்டருக்கு அருகில் வரும், ஆறு சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜின் ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்தது. பெயர் எம்.ஜி.சி. நாலு சிலிண்டரைவிட ஏறக்குறைய 95 கிலோ கூடுதல், அத்தனையும் முன் சக்கரங்களின் தலையில். முன்பக்க சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டிவந்தது. இன்ஜின் உயரத்துக்காக பானெட்டில் ஒரு வீக்கம். அதுவும் போதாமல் கார்புரேட்டருக்கென்று அந்த வீக்கத்தின் மேல் இன்னொரு குட்டி வீக்கம். நேர்ச்சாலையில் ஓடியது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு மட்டும் நேரே போகப் பார்த்தது. தலைக்கனம் பிடித்த கார் என்றால் உண்மையிலேயே இதுதான். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த வண்டிகளில் டயர் காற்று சரியாக இல்லை, அதனால்தான் கெட்ட பெயர் என்று ஆதரவாளர்கள் இன்றும் வாதாடுவார்கள். இருக்கலாம். சுமார் 9,000 வண்டிகளோடு, 1969-ல் கதை முடிந்தது.

அதே சமயத்தில் சரியான இன்ஜின் வேறொரு வழியில் அட்லாண்டிக் கடந்து வந்துவிட்டிருந்தது. அமெரிக்காவின் பியூக் 1961-ல் முழுக்க அலுமினியத்தில் மூன்றரை லிட்டர் வி-8 ஒன்றைக் கொண்டுவந்தது. அலுமினியத்தில் அத்தனை பெரிய வார்ப்பு அன்று செலவு பிடித்த வேலை, கழிவும் அதிகம். மூன்றே ஆண்டுகளில் கைவிட்டார்கள். ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் படகு இன்ஜின் செய்யும் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலைக்குப் போனபோது அது கண்ணில் பட்டது. 1965-ல் உரிமையை வாங்கிவிட்டார். பியூக் நிறுவனத்தில் ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு பொறியாளரும் கூடவே இங்கிலாந்து வந்தார். வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அந்த வடிவம் ரோவர் கார்கள், ரேஞ்ச் ரோவர் என்று ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஓடியது. இதன் நெருங்கிய சொந்தமான ஓல்ட்ஸ்மொபீல் பிளாக்கிலிருந்து உருவான இன்ஜினை வைத்துத்தான் ஜாக் பிராபம் 1966-ல் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எடைக்கு வருவோம். எட்டு சிலிண்டர், 3528 சிசி. ஆனாலும் எம்.ஜி.பி.யின் நாலு சிலிண்டர் இரும்பு இன்ஜினைவிட இது சுமார் 18 கிலோ குறைவு என்பதே கணக்கு. கொள்ளளவு கிட்டத்தட்ட இரட்டிப்பு, பாரமோ குறைவு. முன் சக்கரத்துக்கு இன்ஜின் மாறியதே தெரியாது. இதைக் கவனித்து முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் கென் காஸ்டெல்லோ. மினி கார் பந்தயங்களில் பெயரெடுத்தவர், இன்ஜின் கைவேலை தெரிந்தவர். 1970 வாக்கில் அவர் தம் பட்டறையில் எம்.ஜி.பி.களுக்கு வி-8 ஏற்றி விற்கத் தொடங்கினார். எம்.ஜி.யின் தாய் நிறுவனம் அவருடைய காரை வரவழைத்துப் பார்த்தது. பிறகு தானே செய்ய இறங்கியது. 1973-ல் எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 வெளிவந்தது.

காஸ்டெல்லோவின் வண்டிகளிலும் பானெட்டில் மேடு உண்டு. வி-8இன் நடுப்பள்ளத்தின் மேல் கார்புரேட்டர்களை உட்காரவைத்தால் உயரம் கூடத்தான் செய்யும். ஆபிங்டன்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு மோகம். தனியாக ஒரு மேனிஃபோல்டை வார்த்து, இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் இன்ஜினின் பின்பக்கம், டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தடுப்புத் தகட்டை ஒட்டித் தாழ இறக்கினார்கள். அங்கிருந்து இரண்டு நீண்ட காற்றுக்குழாய்கள் இருபுறமும் வளைந்து முன்னோக்கி வரும். காற்று பின்னால் போய், திரும்பி, மீண்டும் முன்னால் வந்து சிலிண்டருக்குள் நுழைய வேண்டும். வேகத்துக்காக மட்டும் யோசிப்பவன் இப்படிச் செய்யமாட்டான். ஆனால் பானெட்டை மூடினால் மேல்தகட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெளியே காட்டிக்கொடுப்பவை சிறிய வி-8 சின்னங்கள்தான். பானெட்டுக்கும் இன்ஜினுக்கும் இடையே விரல் நுழையும் இடத்தைக் கணக்குப் பார்த்துச் செய்த இந்த வேலைக்காகவே 137 குதிரைத்திறனோடு அவர்கள் நின்றுகொண்டதை மன்னிக்கலாம். அதே இன்ஜின் ரோவரின் பெரிய கார்களில் இன்னும் அதிகம் தந்தது. இதில் போட்டது ரேஞ்ச் ரோவருக்கான குறைந்த அழுத்த வகை.

குதிரைத்திறனைவிடப் பெரிய மாற்றம் முறுக்குவிசையில். நாலு சிலிண்டரில் 110 ராத்தல்-அடி. இதில் 193, அதுவும் 2900 சுற்றிலேயே. இந்த இழுவையைத் தாங்க மற்றதெல்லாம் பின்தொடர்ந்து மாற வேண்டும். முன் பிரேக் டிஸ்க் தடிமனானது. ரேடியேட்டர் முன்னுக்குத் தள்ளப்பட்டது. இன்ஜினால் சுழலும் விசிறிக்குப் பதில் இரண்டு மின்விசிறிகள். ஆயில் ஃபில்டர் இடம் மாறியது. பின் ஆக்ஸிலின் விகிதம் 3.9-லிருந்து 3.07-க்கு இறங்கியது, அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றினால் போதும். கியர்பாக்ஸ்தான் பலவீனமான கண்ணி. மூன்றாம் கியரிலும் ஓவர்டிரைவ் கொடுத்துப் பார்த்தவர்கள், தாங்காது என்று அதை டாப் கியரோடு நிறுத்திவிட்டார்கள். இன்ஜின் மாற்றுவதென்றால் இன்ஜினை மட்டும் மாற்றுவது என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டும்.

சத்தத்தைச் சொல்லாமல் விடமுடியாது. இந்த வி-8இன் தீப்பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசை, இரட்டைப்படை மறு வரிசை. பக்கவாட்டில் பார்த்தால் இட, வல, வல, இட, வல, இட, இட, வல. மொத்தத்தில் சீரான இடைவெளி. ஒரு பக்கத்து எக்ஸாஸ்ட்டை மட்டும் கேட்டால் சீரில்லை. ஓர் இடத்தில் இரட்டைத் தட்டு, ஓர் இடத்தில் இழுத்த மௌனம். தாளம் பிசகாமல் ஜதியைப் புரட்டி வாசிக்கும் மிருதங்கக்காரரின் குறும்பு அதில் இருக்கிறது. ஐட்லிங்கில் கேட்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டால் பாதி அழகு போய்விடும்.

விற்பனையில் அது தேறவில்லை. வெளிவந்து சில வாரங்களில் எண்ணெய் நெருக்கடி. விலையும் அதிகம். அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பவில்லை, திறந்த கூரை வடிவமும் தரவில்லை. 1976-ல் நிறுத்தும்வரை 2,591 கார்கள்தான். ஆனால் தொழிற்சாலை விட்ட இடத்தில் வீட்டுக் கொட்டகைகள் தொடங்கின. அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1974-ன் இறுதியிலிருந்து எம்.ஜி.பி.களுக்கு அமெரிக்க விதிகளுக்காகப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, உயரத்தையும் கூட்டினார்கள். ரசிகர்கள் இன்றும் முகம் சுளிக்கும் வண்டிகள் அவை. ஆனால் அதே சமயம் எல்லா உடல்களுக்கும் வி-8இன் இன்ஜின் அறையையே பொதுவாக்கிவிட்டார்கள். குரோம் பம்பர் அழகியில் சுத்தியலால் அடித்து இடம் பண்ண வேண்டியிருக்க, யாரும் சீந்தாத ரப்பர் பம்பரில் வி-8 அப்படியே இறங்கும். நான் இன்று ஒன்று செய்வதானால் அதைத்தான் எடுப்பேன். அசல் குலையாத குரோம் வண்டியில் ரம்பம் வைப்பதற்கு எனக்கு மனம் வராது.

அந்தக் கொட்டகைகளுக்கு இன்ஜின் தந்தது பெரும்பாலும் 1976-ல் வந்த ரோவர் எஸ்.டி.1. வி-8இன் மெருகேறிய வடிவமும், அதோடு ஐந்து கியர் பெட்டியும் பழுதான எஸ்.டி.1-களில் மலிவாகக் கிடைத்தன. இந்த எஸ்.டி.1-ஐ நாமும் பார்த்திருக்கிறோம். மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-ல் அதே உடம்பை ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றது. ஆனால் உள்ளே வைத்தது, 1940-களில் பிறந்த வேன்கார்ட் காரின் இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் வம்சம்! பழைய உடம்பில் புது உயிர் ஏற்றுவதற்கு நேரெதிர். வி-8க்காக வரைந்த நீண்ட பானெட்டின் அடியில் அது மூச்சு வாங்கியது, 1988-ல் முடிந்தது. எந்த உடம்புக்கு எந்த இன்ஜின் என்ற விவாதம் வரும்போதெல்லாம் நான் எம்.ஜி.பி.யையும் ஸ்டாண்டர்ட் 2000-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பேன்.

1993-ல் ரோவரே மனம் மாறி ஆர்.வி.8 என்ற பெயரில் திறந்த கூரை எம்.ஜி. ஒன்றைக் கொண்டுவந்தது. எம்.ஜி.பி. உடலின் பழைய அச்சுகளிலிருந்து எழுந்த உடம்பு; உள்ளே 3.9 லிட்டர் வி-8, 190 குதிரைத்திறன். இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள்; பெரும்பான்மை ஜப்பான் போனது. தோல் இருக்கையும் மர வேலைப்பாடும் எனக்குக் கொஞ்சம் ஆடம்பரம்தான். எக்ஸாஸ்ட் குழாய்கள் மட்டும் அருமை. குறுகிய அறைக்குள் மடங்கித் திணறாமல், பக்கவாட்டுத் தகட்டில் துளைபோட்டுச் சக்கர அறை வழியே வெளியேறும்; இன்ஜின் அறையின் சூடும் குறையும். இப்போது வீட்டில் வி-8 ஏற்றுபவர்கள் பலர் தங்கள் 1970-களின் வண்டிகளிலும் அந்தத் துளையை அளந்து வெட்டுகிறார்கள்.