ஊசிக்கு முன்னால் இமை

ஆட்டின் மேல் இமையை மூடி, விழியைக் கட்டைவிரலால் லேசாக உள்ளே அழுத்தி, கீழ் இமையை இழுத்தால் உள்சவ்வு ஒரு நொடி பிதுங்கித் தெரியும். அந்த ஒரு நொடிதான் சோதனை. நல்ல சிவப்பு என்றால் கவலையில்லை. வெளுத்திருந்தால், நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுவைச் சந்தேகிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இந்தச் சிவப்பையும் வெளுப்பையும் ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆடு வளர்ப்புப் பயிற்சிகளில் கற்றுத்தரத்தக்க செய்முறைகளில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லமாட்டேன். செலவில்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மந்தை முழுவதற்கும் ஒரே மூச்சில் குடற்புழு மருந்து ஊற்றும் பழக்கமும் நிற்கும். அப்படி ஊற்றி ஊற்றித்தான் மருந்துக்கு அசையாத புழுக்கள் பெருகின.

ஆனால் ரத்தம் குறைந்திருக்கிறது என்பதைத் தாண்டி இமை எதையும் சொல்லாது. ஈரல் தட்டைப்புழுவாலும் வெளுக்கும். புழுதி பட்டுக் கண் சிவந்த ஆட்டின் சோகை மறைந்துபோகும். ரத்தம் குடிக்காத புழுக்கள் இதில் அகப்படவே அகப்படா. இவற்றைப் பயிற்சிகளில் யாரும் நின்று நிதானமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நேரமெல்லாம் ஊசிக்குப் போய்விடுகிறது. நான் உட்கார்ந்திருந்த ஒருநாள் முகாமில் முப்பது பேருக்கு இரண்டு ஆடுகள். சிரிஞ்சை எடுத்ததும் பின்வரிசை முழுக்க எழுந்து முன்னால் வந்தது. பின்தொடையில் இடம் தவறிக் குத்தினால் நரம்பு அடிபட்டுக் குட்டி காலை இழுத்து நடக்கும். தலையை அண்ணாத்திப் பிடித்து மருந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் ஆடே செத்துப்போகலாம். இரண்டையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். குத்தத் தெரிந்துகொண்டு வீடு திரும்பியவர்களுக்கு எப்போது குத்தக் கூடாது என்பது தெரியாது.

நலமான உடம்பைத் தொட்டுப் பழகாத கைக்கு நோய் பிடிபடாது. இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை பெருவயிறு புரண்டு வந்து கையைத் தள்ளும். தட்டில் அறுத்து வைத்த குடலில் இது கிடைக்காது. அன்று ஒரு அம்மா, பயிற்றுநர் ஆட்டின் வாயைத் திறந்த மாத்திரத்தில், “ரெண்டு பல்லு போட்டிருக்கு சார், வயசு ஒண்ணு தாண்டிருச்சு” என்றார். பாடம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

செத்த ஆட்டை அறுத்துக் காட்டுவதில் பயன் உண்டு; இரைப்பையில் நெளியும் புழுவைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஆபத்தும் அங்கேதான். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் வடியும் ஆட்டைத் திறக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருந்தால், திறந்த உடலிலிருந்து கிருமி வித்துகள் மண்ணில் இறங்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கும், அறுத்தவரையும் தொற்றும். கத்தியைக் கையில் கொடுக்கும் முன் இதைச் சொல்ல வேண்டும்; கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணையும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டும்.

ஒருநாள் முகாமை இரண்டு மாலைகளாகப் பிரிக்கலாம். மேய்ச்சல் முடிந்து ஆடுகள் திரும்பி, இமையின் நிறம் தெரியும் அளவு வெளிச்சம் மிச்சமிருக்கும் வேளையில், அந்த அம்மாவின் பட்டியிலேயே நடத்தலாம். ஊசி இரண்டாவது மாலைக்கு இருக்கட்டும்.