வழக்குரை காதையில் சட்டமும் முறையும்

பாண்டியன் நெடுஞ்செழியன் வீழ்ச்சிக்கு ஊழே காரணமென அமைவாருமுளர். இளங்கோவடிகள் அவ்வளவில் நின்றாரல்லர். பொற்கொல்லன் சொற்கேட்ட அரசன், சிலம்பு அவன் கையதாயின் கொன்று கொணர்க என ஆணையிட்டான். கள்வர்க்குக் கொலைத்தண்டம் என்னும் சட்டம் ஈண்டு வழுவவில்லை. கைப்பொருளையே களவுக்குச் சான்றாகக் கொண்டதே வழு. சட்டம் தண்டத்தின் அளவைக் கூறும். அதற்குரியான் யாவன் எனத் தேர்தல் முறையின்பாற்படும். கோவலனைக் கண்ட காவலரோ இவன் கொலைக்குரியனல்லன் என ஐயுற்றனர். அவ்வையம் அரசனுக்கு எழாமற் போயிற்று!

கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என அவன் அவையிற் கூறியபொழுது, கண்ணகி அச்சட்டத்தை மறுத்தாளல்லள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்னும் மெய்ம்மையையே முன்வைத்தாள். தேவியின் சிலம்பிலுள்ளது முத்து என்றவனும் அவனே. கொலைக்கு முன்னர் வினவியிருப்பின் இவ்வேறுபாடு அன்றே புலப்பட்டிருக்கும். மணி தெறித்தபின் தன்னையே கள்வனெனக் கூறினான். இவ்வழக்கில் அவன் ஆராய்ந்து வழங்கிய தீர்ப்பு அஃதொன்றே.