உடையும் செய்தி

நாளேடு ஒரு நாள் வாழும் பொருள். காலையில் அதற்காகக் காத்திருக்கிறோம். மாலையில் அதில் கடலை மடிக்கிறோம். மதரஸாவில் ஓதிய காலத்தில், கிதாபின் கிழிந்த ஏடு தரையில் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரே வைக்கப் பழக்கப்பட்ட நமக்கு, எழுத்துத் தாங்கிய தாள் குப்பையாவது இன்றும் மனத்தை உறுத்தும் காட்சியாகும். அந்தக் குப்பையையே கலைக்குப் பொருளாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

ஜப்பானின் ஒஸாகா நகரில் 1932ஆம் ஆண்டு பிறந்து, 2024 ஜூன் திங்களில் மறைந்த மிஷிமா கிமியோ அம்மையார் முதலில் ஓவியர். 1960களில் நாளேடுகளையும் சஞ்சிகைகளையும் வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தவர், 1970களின் தொடக்கத்தில் களிமண்ணுக்கு வந்தார். மண்ணைத் தாள்போல் மெல்லியதாகப் பரப்பி, சில்க் ஸ்கிரீன் முறையில் செய்தித்தாளின் எழுத்துகளை அதன்மீது பதித்து, கசக்கியும் மடித்தும் சூளையில் சுட்டார். கசங்கிய நாளேடு, நசுங்கிய தகரக் குவளை, பழம் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் சுட்ட மண்ணே. காற்றில் பறந்துவிடும் போலிருப்பது, கைதவறினால் நொறுங்கும்.

‘உள்ளதை உள்ளபடி செய்வது கைத்திறன்தானே, கலையாகுமா?’ எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மெழுகுக் கனியைக் கண்டு வியக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். ஆனால் இங்கே காரியம் போலி செய்வதோடு முடியவில்லை. தாள் கிழியும், உடையாது. மண் உடையும், கிழியாது. ஒன்றன் உருவத்தை மற்றொன்றன் விதிக்கு உட்படுத்தியதால், நாம் அலட்சியமாய் எறிவதை இரு கைகளாலும் ஏந்த வேண்டியதாகிறது. வியப்பு அடங்கிய பின்னும் எஞ்சுவது அந்தக் கவனமே.

அரபு மொழியில் சுட்ட மண்ணை ‘ஃபக்கார்’ என்பர். பெருமையடித்தலைக் குறிக்கும் சொல்லும் அதே மூன்று வேரெழுத்துகளைக் கொண்டதாகும். தட்டினால் பெரிதாய் ஒலிப்பதும் விழுந்தால் சிதறுவதும் இரண்டுக்கும் பொது. நாளேட்டின் கொட்டை எழுத்துத் தலைப்புகளைச் சுட்ட மண்ணில் காணுங்கால் இவ்வுறவு நம் நினைவுக்கு வந்தது.

நாம் இவற்றைப் படங்களில் மட்டுமே கண்டவர்கள். அந்த அளவில் ஒரு குறையும் சொல்வோம். நவோஷிமா தீவில் நிற்கும், ஆளுயரத்தை மிஞ்சிய குப்பைத் தொட்டி வேடிக்கையாகவே தோன்றுகிறது. உடைந்துவிடுமோ என்னும் அச்சம் அதில் இல்லை. அச்சம் போனால் இவர் கலையில் பாதி போயிற்று. மாறாக, தோக்கியோவின் ஜோனன்ஜிமாவில், இருபதாம் நூற்றாண்டின் செய்திகள் பதிந்த 10,000க்கும் மேற்பட்ட செங்கற்களைத் தரையில் பரப்பிய படைப்பும் பெரிதுதான். ஆயினும் அங்கே ஒவ்வொரு கல்லும் தன் நாளைத் தனியே சுமக்கிறது. ஒரு காலத்தில் உலகை உலுக்கிய செய்திகள் வாசிப்பாரின்றிக் கிடக்கின்றன. பெரிய உருவம் செய்யாததை இச்சிறு கற்கள் செய்துவிடுகின்றன.

சென்ற மாதம் நம் வீட்டுப் பரணிலிருந்த பழைய இதழ்களை எடைக்குப் போடக் கயிறு கட்டினோம். மேலேயிருந்த இதழில், நமக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ஒருவர் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. அந்தத் தாளும் உடையக்கூடியதே என்று அப்போது தோன்றியது. கயிற்றை அவிழ்த்துவிட்டோம்.