மணி 25 அடிக்குமா?

சனிக்கிழமை இரவு 11.50-க்குப் புறப்படும் கடைசி பஸ், உங்கள் நிறுத்தத்துக்கு நள்ளிரவு கடந்து 1.35-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்தக் கிழமையின் பஸ்? நாட்காட்டி ஞாயிறு என்கிறது. ஓட்டுநரோ, "இது சனிக்கிழமை வண்டி" என்பார். இரண்டுமே சரிதான். இதைக் கணிப்பொறிக்கு எப்படி விளக்குவது?

அமெரிக்காவின் போர்ட்லந்து நகரப் பஸ்களை நடத்தும் டிரைமெட் நிறுவனமும் கூகுளும் 2005-இல் சேர்ந்து உழைத்ததில், பஸ் அட்டவணைகளை எழுத ஒரு பொது முறை உருவாயிற்று. ஜி.டி.எஃப்.எஸ். என்ற பெயரில் அது இன்று உலகின் பல நகரங்களில் வழங்குகிறது. அம்முறையில் நம் பஸ்ஸின் நேரம் 01:35 அன்று, 25:35! சனிக்கிழமைக் கணக்கு நள்ளிரவில் அறுபடாமல் தொடர்கிறது. 25:35-இலிருந்து 23:50-ஐக் கழித்துப் பாருங்கள். பயண நேரம் 1 மணி 45 நிமிடம் என்று சரியாகக் கிடைக்கும். 01:35 என்று எழுதியிருந்தால், பஸ் புறப்படுமுன்பே வந்து சேர்ந்ததாக ஆகிவிடும்! இது பாராட்டத்தக்க ஏற்பாடே.

ஆனால் ஒரு குறையும் உண்டு. 25:35 என்பது கடிகாரம் காட்டும் நேரம் அன்று. சனிக்கிழமைக் கணக்கு தொடங்கியதிலிருந்து கழிந்த கால அளவு. அளவுக்கு நேரத்தின் உடையை அணிவித்ததால் குழப்பம் பிறக்கிறது. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் 'நேரம்' என்ற வகை 24:00:00-உடன் நின்றுவிடும். 25:35-ஐ அது ஏற்காது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமோ 838:59:59 வரை ஏற்கும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு!

ஏற்கவில்லையே என்று 24-ஐக் கழித்துவிட்டு, தேதியை மாற்றாமல் 01:35 என்று பதிந்தால் என்ன ஆகும்? பஸ் சனிக்கிழமை அதிகாலைக்குப் போய்விடும். சரியாகப் பதிந்திருந்தாலும், ஞாயிறு அட்டவணையை மட்டும் தேடும் நிரல் அதைக் காணாது. ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு நிறுத்தத்தில் தனியே நிற்பவருக்கு, "இனி பஸ் இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். வரவிருக்கும் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் இருளில் நடக்க வேண்டியதுதான்!

பரிகாரம் எளிது. சேவை நாளின் தேதியை ஓரிடத்திலும், கழிந்த விநாடிகளை மற்றோரிடத்திலும் பதிய வேண்டும். நம் பஸ்ஸுக்கு அது சனிக்கிழமைத் தேதி, 92,100 விநாடி. தேடும்போது முந்திய நாளின் அட்டவணையையும் புரட்ட வேண்டும். கடிகாரம் 24-இல் திரும்பலாம். மனிதரின் வேலைநாள் அப்படித் திரும்புவதில்லை. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்வார்களாக.