துணிக்குள் அடைத்த சூடு

எஞ்சின் புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டில் சுற்றியிருந்த வெப்பத்தடுப்புத் துணியைக் கத்தியால் கீறிப் பிரித்தபோது, உள்ளேயிருந்த இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. இரண்டாவது குழாயும் மூன்றாவது குழாயும் சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல். அதன் ஓரத்தில் விசிறி விரித்தாற்போலக் கரி படிந்திருந்தது. பல மாதங்களாகவே புகை கசிந்திருக்க வேண்டும். துணி மூடியிருந்ததால் கரி கண்ணில் படவில்லை, கசிகிற சத்தமும் அமுங்கிப்போயிருந்தது. வண்டி 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா. அதன் சொந்தக்காரர் அலட்சியக்காரர் அல்ல. வெளியில் வாங்கிய டர்போவைப் பொருத்துகிறவர்களில் பெரும்பாலோர் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார்: சூடாகிற இடமெல்லாம் துணி சுற்றியிருந்தார்.

1989இல் அறிமுகமான மியாட்டா, டர்போ இல்லாத கார். ஆனாலும் டர்போ கிட் வாங்கிப் பொருத்துகிறவர்களுக்கு மிகப் பிடித்த கார்களில் அதுவும் ஒன்று. பானட்டுக்குள் இடம் குறைவு. அமெரிக்காவில் ஓடுகிற, ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள வண்டிகளில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம். பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. டர்போ இல்லாத வண்டியில் அந்தச் சூடு குழாய் வழியே நேராகப் பின்னால் போய்விடும். டர்போ வைத்த வண்டியிலோ, முழு வேகத்தில் 900 டிகிரி செல்சியஸை எட்டுகிற அதே புகை, பானட்டுக்குள்ளேயே ஒரு கனத்த இரும்புக் கூட்டுக்குள் புகுந்து சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத்தான் வெளியே போகிறது. கூடு செக்கச்செவேலெனப் பழுக்கும். ஒரு சாண் தள்ளி பிளாஸ்டிக் டப்பாவில் பிரேக் ஆயில் இருக்கிறது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கலாம். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும்.

இந்த நெருக்கடியில் துணி செய்கிற உதவி சின்னதல்ல. பழுத்த இரும்பிலிருந்து பக்கத்துப் பொருள்களுக்குச் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே பாய்கிறது. அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறும். வெளிப்பரப்பு 700 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்கு இறங்கினால், கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். பிரேக் குழாய்க்கும் ஒயரிங்குக்கும் அது பெரிய நிம்மதி. டர்போவிலிருந்து கீழிறங்கும் டவுன்பைப்பில் துணி சுற்றுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அங்கே புகையின் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும், குழாயும் பெரிய பாரம் எதையும் சுமக்கவில்லை.

மேனிஃபோல்டின் கதை வேறு. வெறும் மேனிஃபோல்டு தன் சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் அதன் இரும்பு புகையைவிடக் கணிசமாகக் குளிர்ந்திருக்கிறது. துணி சுற்றியதும் அந்த வழி அடைபடுகிறது. இரும்பின் சூடு புகையின் சூட்டை நோக்கி ஏறுகிறது. புகை சூடு குறையாமல் டர்போவுக்குப் போவதால் புல்லிங் கூடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் தெருவில் ஓடும் வண்டியில் அந்த லாபம் சொற்பம். கொடுக்கிற விலை பெரிது. 304 ரக எவர்சில்வர் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். ஒரு முனை சிலிண்டர் ஹெட்டில் இறுக்கப்பட்டிருக்க, மறுமுனையில் டர்போவின் எடை தொங்க, அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கே போகும்? வெல்டிங் ஓரத்தில் விரிசலாக வரும், அல்லது டர்போவைப் பிடித்திருக்கும் ஸ்டட்டை இழுக்கும். மியாட்டாவில் டர்போ வைத்தவர்களுக்கு ஸ்டட் தளர்வதும் முறிவதும் தீராத தலைவலி. அதனால்தான் பலர் விலையைப் பாராமல் இன்கோனல் ஸ்டட்டுக்கு மாறினார்கள். சாதா இரும்பு மேனிஃபோல்டாக இருந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும். மழையில் நனைந்த துணி ஈரத்தை இரும்போடு ஒட்டவைத்திருக்கும். வால்வு கவரிலிருந்து ஆயில் சொட்டினால் துணி விளக்குத் திரியாகிவிடும். டைட்டானியம் என்று பெயர் சூட்டி விற்கப்படும் துணிகள் பலவும் எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த நூல்தான். பெயரை நம்பி யாரும் பொறுப்பை அதன்மேல் போட்டுவிடக் கூடாது.

என் முக்கியமான குறை இதுவே: துணி, சூட்டை எங்கே அனுப்புவது என்ற கேள்வியைத் தள்ளிப்போடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் காற்றோட்டத்தில் இருக்கிறது. டர்போ பொருத்தும்போது எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். முன்னால் நுழையும் காற்றை ரேடியேட்டர் வழியே போகவைக்க அது உதவுகிறது. அது இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியைத் தேடி அடியில் நழுவிவிடும். போதாக்குறைக்கு ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டரின் பக்கவாட்டு இடைவெளிகளை ரப்பர் பட்டையாலும் தகட்டாலும் அடைப்பது ஒரு மாலை நேர வேலை, செலவும் குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்று 10 டிகிரி அதிகம் சூடாக இருந்தாலே அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்துவிடும். நாக்கிங் பயமும் கூடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பின்பக்கக் கீலில் வாஷர் வைத்து பானட்டின் பின்முனையை உயர்த்துகிறார்கள். சிக்னலில் நிற்கும்போது அனல் அந்த இடுக்கு வழியே மேலேறுவதைக் கண்ணால் பார்க்கலாம், அதனால் நம்பிக்கையும் வந்துவிடுகிறது. ஆனால் வண்டி வேகமெடுத்ததும் முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் ஏறும். அப்போது வெளிக்காற்று அதே இடுக்கு வழியே உள்ளே வரப் பார்க்கும். ரேடியேட்டரைத் தாண்டிய காற்றுக்குப் போக்கிடம் இல்லாமலாகிவிடும். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன்பாதியில் திறப்புகள் வெட்டினால் அங்கே அழுத்தம் குறைவு, சூடான காற்றை இழுத்து வெளியே தள்ளும். அழகான பானட்டை வெட்ட யாருக்கும் மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. மழைத் தண்ணீரும் உள்ளே விழும்தான்.

மேனிஃபோல்டுக்கு என் தேர்வு தகடு. புது அலுமினியத் தகடு தன்மேல் விழும் கதிர்வீச்சில் 90 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். 1992இல் வெளிவந்த மெக்லாரன் எஃப்1 எஞ்சின் அறையில் தங்கத்தகடு ஒட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதால் பழுத்த இரும்பை அது தொடவே கூடாது. விரலளவு இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் காற்று ஓடும்படி பொருத்த வேண்டும். அப்படி வைத்தால் பிரேக் டப்பாவும் பிழைக்கும், மேனிஃபோல்டும் மூச்சுவிடும். விரிசல் விட்டால் கரி கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சினை அணைத்த பிறகுதான் டர்போவுக்குச் சோதனைக் காலம். ஆயில் ஓட்டம் நின்றுவிடும். புகைக்கூட்டில் தேங்கிய சூடு மெல்ல நடுவிலுள்ள பேரிங்கை நோக்கி நகரும். அங்கே மிச்சமிருக்கும் ஆயில் கருகிக் கரியாகும். இதற்காகவே பெரும்பாலான டர்போக்களின் நடுப்பகுதியில் கூலன்ட் ஓடத் துளைகள் இருக்கின்றன. ஓஸ்களைச் சரியான ஏற்றத்தில் இணைத்தால், பம்ப் நின்ற பிறகும் சூடான கூலன்ட் தானாக மேலேற, குளிர்ந்தது கீழிருந்து வந்து சேரும். இரண்டு பாஞ்சோ போல்ட், கொஞ்சம் ஓஸ், பொறுமையாக ஒரு நாள் வேலை. அந்தத் துளைகளுக்கு பிளக் அடித்துவிட்டு, மேலே தடிமனான டர்போ போர்வையைப் போர்த்தி ஓட்டிய ஒரு டர்போவைக் கழற்றினேன். போர்வை புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை.