கல்வட்டமும் பதுக்கையும்

துவாசில் பழங்கல் தேடுவார்க்கு ஒன்றும் கிட்டாது. அந்நிலத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து ஆக்கப்பட்டது. எனினும் அங்கு உழைக்கும் தமிழகத் தொழிலாளருள் சிலரேனும், தம் ஊர் மேய்ச்சற்காட்டில் வட்டமாகக் கிடக்கும் உருண்டைக் கற்களைக் கண்டிருப்பர். 'பாண்டவர் குழி' என்பது ஊரார் வழக்கு. அவை முன்னோரின் ஈமச்சின்னங்கள் எனத் தொல்பொருளாய்வு காட்டிவிட்டது. அக்கற்களைச் சங்கப் பாட்டிலும் காண விழைவது இயல்பே. ஆனால், 'பதுக்கை' என்ற சொல்லைக் கண்டவுடன் 'இதுவே கல்வட்டம்' என்று எழுதி மேற்செல்லும் விளக்கவுரைகள் பாட்டைக் கெடுக்கின்றன.

புறநானூற்றின் மூன்றாம் பாட்டை நோக்குக. ஆறலைப்போர் அம்பால் வீழ்ந்த வழிப்போக்கர்மேல் குவித்த கற்களே அங்குப் பதுக்கை. அவை புதியவை என்றும் இரும்பிடர்த்தலையார் குறிக்கிறார். நேற்று ஒருவன் செத்த வழியில் இன்று இரவலர் பாண்டியனை நாடி நடக்கின்றனர். பழைய கல்வட்டம் என்று கொண்டால் அந்த அச்சம் எங்கே போயிற்று?

கல்வட்டமோ அவசரத்தில் ஆவதன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வில் பலகைக் கற்களை நிறுத்திய அறை, அதில் இடுதுளை, மேலே மூடுகல், சுற்றிலும் கல்வட்டம் என வெளிப்பட்டன. ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள்! உறவும் செல்வமும் ஆட்பலமும் உடையோர் செய்த செயல் அது. வழியிற் செத்தவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

264ஆம் பாட்டில் பதுக்கையோடு நடுகல்லும் வருகிறது. பீலி சூட்டிப் பெயரும் பொறிக்கின்றனர். 2006இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் இதற்கு நல்ல சான்று. பெருங்கற்கால நெடுங்கல்லிலிருந்தே நடுகல் வளர்ந்தது என்பார் கருத்தும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் விதையை மரம் என்பதில்லை.

மணிமேகலை பிணம் அடக்கும் முறைகள் ஐந்தை எண்ணிச் சொல்கிறது. தாழி உண்டு, குழி உண்டு, கல்வட்டம் என ஒன்று தனியே இல்லை. புறநானூற்று 256ஆம் பாட்டிலும் அவ்வாறே. கணவனோடு தனக்கும் இடம் வேண்டிக் குயவனிடம் பேசும் அப்பெண்ணுக்குத் தாழியின் அகலமே கவலை. அதைச் சுற்றிக் கல் இடுவார் யார் என்று அவள் கேட்கவே இல்லை.