தொட்டியின் தரம் வடிகாலில்

அடியில் நீர்த்தொட்டி உள்ள, பிளாஸ்மா வெட்டுக்கான தண்ணீர் மேசையை விற்பவர்கள் ஐந்துக்குப் பத்து அடி, நாலுக்கு எட்டு அடி என்று அளவு சொல்லி விற்கிறார்கள். வாங்குபவர்களும் அளவைக் கேட்டே வாங்குகிறார்கள். தகடு கொள்ளுமா என்பது நுழைவுத் தகுதி மட்டுமே. தண்ணீரை எந்த மட்டத்தில் நிறுத்த முடிகிறது, கசடு எவ்வழியாக வெளியேறுகிறது என்ற இரண்டையும் கேட்காத மதிப்பீடு அரைகுறையானது.

முதலில் போட்டியாளருக்கு நியாயம் செய்துவிடலாம். புகையைக் கீழே உறிஞ்சும் உலர் மேசையில் தகடு நனைவதில்லை, துருப்பிடிப்பதில்லை. ஆனால் ஊதி மோட்டார், குழாய், வடிகட்டி என்று செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். தகடு மூடாத இடங்களில் உறிஞ்சல் வீணாகும். தண்ணீருக்கு மின்கட்டணம் இல்லை. பொறி அதில் அவிந்துவிடும், மெல்லிய தகடு சூட்டில் நெளிவதும் குறையும். ஸ்டெயின்லெஸ் வெட்டும்போது எழும் புகையில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. தண்ணீர் அதன் ஒரு பங்கைப் பிடிக்கும், முழுவதையும் பிடிக்காது. எனவே காற்றோட்டம் கூடுதலாக வேண்டும். அலுமினியத்தில் தண்ணீர் தோற்கிறது. உருகிய அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். அது தகட்டுக்கடியில் தங்கினால் அடுத்த ஆர்க்கில் வெடிக்கலாம். அடியில் காற்றுக் குமிழ் விட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. அலுமினியமே தினசரிப் பிழைப்பு என்றால் அந்தச் சமாளிப்பை நான் ஏற்கமாட்டேன்.

கோயம்புத்தூர் அருகே சோமனூர் வட்டாரப் பட்டறைக்கோ மைல்டு ஸ்டீல்தான் பிழைப்பு: தறிக்கூடத்துக் கூரை டிரஸ், கேட், பிராக்கெட். இங்கே கேள்வி மட்டத்துக்கு வருகிறது. தண்ணீர் தகட்டின் அடியைத் தொட்டால் புகை நன்றாக அடங்கும். ஆனால் வெட்டு விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும். துளையில் டேப் போடுகிறவர் கைதான் அதைச் சொல்லும். இரண்டு மூன்று அங்குலம் இறக்கினால் வெட்டு மேம்படும், புகை கொஞ்சம் தப்பும். வேலைக்கேற்ப மட்டத்தை மாற்ற முடியாத மேசை, இந்த இரண்டு குறைகளில் ஒன்றை நம் தலையில் நிரந்தரமாகக் கட்டுகிறது.

மாற்றும் முறைகளில் எல்லோரும் முதலில் சொல்வது தனித்தொட்டியும் பம்பும். 'ஒரு பம்பு போட்டுட்டாத் தீந்துச்சுங்க' என்பது கோயம்புத்தூர் பக்கத்துத் தன்னம்பிக்கை. பம்பு செய்யும் ஊரில் பம்பு வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கசடு கலந்த நீரை நாளுக்குப் பலமுறை இழுக்கும் பம்பின் இம்பெல்லர் தேய்வது உறுதி. மேலும், மேசையளவு தண்ணீருக்கு இன்னொரு தொட்டி இடம் பிடிக்கும். காற்றறை முறை இதைவிட அறிவார்ந்தது. தொட்டிக்குள் கவிழ்த்த பெட்டி ஒன்றில் கம்ப்ரசர் காற்றை விட்டால் நீர் மேலேறும், காற்றைத் திறந்துவிட்டால் இறங்கும். ஓடுகிற பாகம் எதுவும் கசட்டில் இல்லை. அதன் குறை வெல்டிங்கில் இருக்கிறது. ஊசிமுனைக் கசிவு போதும், நீண்ட வெட்டின் நடுவே மட்டம் தானாக இறங்கும்.

தண்ணீருக்கும் பிளாஸ்மாவுக்கும் உறவு பழையது. 1968இல் ஹைபர்தெர்ம் நிறுவனம் தொடங்கியதே நீர் உட்செலுத்தும் பிளாஸ்மாவோடுதான். அங்கே தண்ணீர் ஆர்க்கைக் குறுக்கியது. இங்கே ஆர்க் துப்புவதை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்வது சிறு வேலை அல்ல. ஐந்துக்குப் பத்து மேசையில் ஓரடி ஆழம் என்றால் ஏறக்குறைய 1,400 லிட்டர், அதாவது 1.4 டன். அதன்மேல் 10 மி.மீ. தகடு ஒன்று சுமார் 350 கிலோ. செயின் பிளாக்கிலிருந்து அது தடாலென்று இறங்கும் அதிர்ச்சி, வெட்டுத்தலை ஓடும் தண்டவாளத்துக்குப் போகக்கூடாது. மேசையையும் தண்டவாளத்தையும் ஒரே சட்டத்தில் பற்றவைத்த வடிவமைப்பு விலையில் மலிவு, துல்லியத்தில் நட்டம். தகட்டைத் தாங்கும் பட்டைகளையும் பற்றவைக்காமல் காடியில் செருகியிருக்க வேண்டும். அவை வெட்டுப்பட்டுத் தேய்வதற்கென்றே உள்ளவை.

போர் தண்ணீரின் உப்பு இங்கே தனிக் கணக்கு. ஆவியாகும் நீருக்குப் பதில் ஊற்றிக்கொண்டே போனால் உப்பு தொட்டியிலேயே செறியும். ஈரத் தகட்டில் முனையின் தொடுகையை உணரும் மின்சுற்று தடுமாறும், துரு விரையும். சோடியம் நைட்ரைட் போன்ற துருத்தடுப்பான் உதவும். அது கலந்த நீரைச் சாக்கடையில் விடலாகாது. கழிவுநீருக்காக 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நொய்யல் ஆற்றங்கரை இது. பட்டறை சிறியது என்பது விலக்கு ஆகாது. ஆகவே சரிவான அடித்தளமும், தாழ்ந்த மூலையில் கைநுழையும் அளவு வடிவாயும், அதன்கீழ் கசடு படிய ஒரு டிரம்மும் இல்லாத மேசையை எவ்வளவு பளபளத்தாலும் நான் தள்ளுவேன்.

என் தீர்ப்பு: மைல்டு ஸ்டீல் பட்டறைக்குக் காற்றறை மேசை, அறையைக் கழற்றிச் சோதிக்க வழி இருந்தால் மட்டும். இல்லையேல் நிரம்பிவழிய ஒரு குழாய் வைத்த நிலையான மட்டத் தொட்டியே நேர்மையானது. அது செய்யாததைச் செய்வதாகச் சொல்வதில்லை. ஸ்டெயின்லெஸ் தொட்டிக்குக் கூடுதல் பணம் தேவையில்லை, எபாக்ஸி பூசிய இரும்பு போதும்.

முன்பணம் தருமுன் செய்பவரின் பட்டறையிலேயே தொட்டியை நிரப்பி, காற்றறையில் காற்றை ஏற்றி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை கோட்டையும் நீரையும் பாருங்கள். பிறகு வடிவாயைத் திறக்கச் சொல்லி, அடியில் எத்தனை வாளி மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள்.